நாயைச் சோதித்த பிறகு ஊசியா?

"டாக்டர், நாயைச் சோதித்துவிட்டு ஊசி போடலாமா?" மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருவோர் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். ஆனால் உயிருள்ள நாய்க்கு ரேபிஸ் இல்லையென்று உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை கிடையாது. இறந்தபின் மூளைத் திசுவில்தான் நோய் உறுதியாகும்.

ஆகவேதான் கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்கிறோம். அதுவரை ஊசிக்குக் காத்திருக்கலாகாது. மனிதருக்கு நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை.

காயத்தை உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். 1907இலேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் கண்ட மாநிலத்தில் இன்றும் சிலர் மஞ்சள் அப்பி வருகிறார்கள்! அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். இரத்தம் கசிந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் வேண்டும்.

வளர்ப்பு நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பின்னர் ஆண்டுதோறும். சான்றிதழ் இருந்தாலும், அது கடித்தால் மருத்துவரிடம் வாருங்கள்.