மனைக்கல்லையும் வரையுங்கள்

நீர்வண்ண ஓவியத்தில் காகிதம்தான் வெள்ளை நிறம். நிறமித் தூளை வேலம்பிசினில் குழைத்துச் செய்த வண்ணத்தை நீரில் கரைத்துத் தீட்டினால், நீர் ஆவியாகி மெல்லிய நிறப்படலம் தாளில் தங்கும். ஒளி அதை ஊடுருவி, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புவதால் நிறம் துலங்குகிறது. திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் தீவின் வயல்களுக்கு இந்த முறை வெகு பொருத்தம். நடவு வயலில் தேங்கிய நீர் பளபளக்கும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடலாம். வெயில் ஊடுருவும் வாழையிலைக்கு முதலில் மஞ்சள் பூசி, அது காய்ந்தபின் நிழல் விழும் பக்கத்துக்கு மட்டும் பச்சை கொடுத்தால் போதும். கனமான நிறமிகள் சொரசொரப்பான தாளின் குழிகளில் படிவதால், காவிரி மணலின் சொரசொரப்பு தானாகவே வந்துவிடும்.

அழகுக்காக வரைந்தாலும் நீர்வண்ணம் நிலத்தின் ஆவணமாகவும் ஆகிவிடுகிறது. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார்கள். காவிரியிலிருந்து மலைக்கோட்டையைப் பார்க்கும் அவர்களுடைய காட்சி, பின்னர் லண்டனில் அச்சாகி, கையால் நீர்வண்ணம் தீட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், மேலணை எழுந்தது, 1836-இல். மேட்டூர் அணை 1934-இல். மேலணைக்கு முன், தாழ்ந்த படுகை கொண்ட கொள்ளிடம் நீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டு வந்தது. ஷட்டர்கள் நீரைப் பங்கிடாத அந்தக் காவிரியை நினைத்துப் பார்க்க, டேனியல்களின் படம் நமக்கு ஓர் ஆதாரம்.

புகைப்படமும் செயற்கைக்கோளும் இருக்க ஓவியம் எதற்கு என்று கேட்கலாம். லின்னேயஸ் டிரைப் 1858-இலேயே திருச்சியைப் படம்பிடித்தார். 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் வரிசை மேலிருந்து பார்க்கிறது. பரப்பளவை அளக்க அவையே மேல். ஆனால் வரைபவர் வரப்பில் வெகுநேரம் உட்கார வேண்டும். எது வாய்க்கால், எது வடிகால், எது தரிசு என்று புரிந்துகொண்டால்தான் கோடு விழும். அந்தப் புரிதலும் படத்தில் பதிகிறது. ஓவியர் அழகுக்காக உண்மையை மாற்றுவார் என்பது வலுவான ஆட்சேபம். டேனியல்களும் காட்சியழகைத் தேடியவர்களே. அதற்கு மருந்து ஒழுங்குதான்: தாளின் பின்புறம் தேதி, இடம், பார்த்த திசை ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுவது, அதே வரப்பிலிருந்து பருவந்தோறும் மறுபடி வரைவது, பக்கத்தில் ஒரு புகைப்படமும் வைப்பது. வெளிறாத நிறமிகளைத் தேர்ந்து, வெயில் படாமல் காத்தால் தாள் தலைமுறைகள் தாண்டும்.

தீவின் தோட்டங்கள் மனைப்பிரிவுகளாகிவரும் இந்தக் காலத்தில் வாழையை வரைந்து, அதனடியில் நட்ட மனைக்கல்லை விட்டுவிடுவது அந்த நிலத்துக்குச் செய்யும் அநியாயம். திருச்சிப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகள் நிலத்தை இப்படிப் பதிவுசெய்யும் வேலையை இப்போதே தொடங்கலாம். வாழையும் மனைக்கல்லும் ஒரே தாளில் இருந்தால்தான் மாற்றம் பதிவாகும்.