சந்தையும் சரக்கும்

புதிதாகச் சந்தை கூட்டுவோர்க்கு ஒரு சங்கடம் உண்டு. சரக்கு இல்லையெனில் வாங்குவோர் வாரார். வாங்குவோர் இல்லையெனில் வணிகர் கடை பரப்பார். கைப்பேசி உலகிலும் இதுவே நிலை. செயலிகளே அங்குச் சரக்கு; அவற்றை ஆக்கும் நிரலாளரே வணிகர்.

பிளாக்பெர்ரி கைப்பேசிகளைச் செய்த கனடா நாட்டு நிறுவனம், வெளிவரவிருந்த தன் புதிய கைப்பேசியை முன்னிட்டு 2012-ஆம் ஆண்டில் நிரலாளர்க்கு ஓர் உறுதி அளித்தது. தரச் சோதனையில் தேறிய செயலி முதலாண்டில் 1,000 டாலரேனும் ஈட்டுமாயின், 10,000 டாலருக்குக் குறைவதைத் தானே ஈடுசெய்வதாகக் கூறியது. மறு ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனமோ, அமெரிக்க நிரலாளர்க்குச் செயலி ஒன்றுக்கு 100 டாலர் தருவதாக அறிவித்தது. இவ்விரண்டில் முன்னதையே நான் மெச்சுவேன். தலைக்கு இவ்வளவு எனக் கூலி பேசினால் தலைகள் பெருகும். நல்ல சரக்குப் பெருகுமோ? முன்னதோ, பிறர் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கே கைகொடுத்தது.

ஆயினும் அதுவும் போதவில்லை. 2013 சனவரியில் புதிய கைப்பேசி ஏறத்தாழ 70,000 செயலிகளுடன் அரங்கேறிற்று. எண்ணிக்கையில் குறைவில்லை, மக்கள் விரும்பித் தேடிய இன்ஸ்டாகிராம் மட்டும் வரவேயில்லை. சிறு நிரலாளர்க்குப் பெருந்தொகையான பதினாயிரம் டாலர், பெரிய நிறுவனத்தார்க்கு ஒரு பொருட்டன்று. அவர்கள் எண்ணிப் பார்ப்பது வாங்குவோர் தொகையை. அத்தொகை வளரவில்லை. 2022 சனவரி 4-ஆம் நாள் அக்கைப்பேசிகளுக்கான சேவையும் நிறுத்தப்பட்டது.