காலைப் பூட்டும் முன்... கழற்றப் பழகுங்கள்!

'பெடலோடு காலைப் பூட்டிக்கிட்டா சைக்கிள் ஓட்டுவாங்க? திடீர்னு பிரேக் போட்டா காலை எப்படி ஊன்றுவது?'

வீட்டில் யாராவது புதிதாகப் பந்தய சைக்கிள் வாங்கினால், அம்மாவோ மனைவியோ கட்டாயம் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்! ஞாயிறு அதிகாலையில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். ஹெல்மெட் அணிந்து கூட்டமாகச் செல்பவர்களில் பலருடைய ஷூ, பெடலோடு பூட்டித்தான் இருக்கும். இதற்குப் பெயர் 'கிளிப்லெஸ் பெடல்'. அதாவது, கிளிப் இல்லாத பெடல்.

காலைக் கவ்விப் பிடிக்கிற பெடலுக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? முன்பெல்லாம் பந்தய வீரர்கள் கால் விரல்களை ஒரு கூண்டுக்குள் நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுதான் 'டோ கிளிப்'. பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டு தயாரித்து வந்த பிரான்சின் லுக் நிறுவனம், அதே முறையில் 1984-ல் ஒரு பெடலைக் கொண்டு வந்தது. 1985-ல் பெர்னார் ஹினோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூண்டு ஒழிந்தது; 'கிளிப் இல்லாதது' என்ற பெயர் நிலைத்தது.

விழுவது எப்போது தெரியுமா?

ஷூவின் அடியில் 'கிளீட்' என்ற சிறு தகடு இருக்கும். பெடல் மேல் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கலே இங்கேதான். சின்ன வயதில் சைக்கிள் கற்ற நாளிலிருந்து நம் கால், நிற்கும்போது நேராகத் தூக்கி ஊன்றித்தான் பழகியிருக்கிறது. இந்தப் பெடலில் நேராக இழுத்தால் கால் வராது. வேகமாகப் போகும்போது யாரும் விழுவதில்லை. சிக்னலில் வண்டி நின்ற பிறகு, பக்கவாட்டில் பொத்தென்று சாய்வார்கள். விழும்போது அனிச்சையாகக் கையை ஊன்றுவார்கள். அடி மணிக்கட்டுக்கு!

அதனால் சாலைக்குப் போகும் முன் இப்படிப் பழகுங்கள்:

* பெடலில் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். ஆலன் கீ கொண்டு, முதலில் நன்றாகத் தளர்த்தி வையுங்கள்.

* வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். ஒவ்வொரு காலையும் ஐம்பது முறை மாட்டிக் கழற்றுங்கள். மூளை யோசிக்காமல் குதிகால் தானாகத் திரும்ப வேண்டும்.

* பிறகு காலியான மைதானம். எப்போதும் ஒரே காலை ஊன்றுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நிற்பதற்குப் பத்தடி முன்பே அந்தக் காலைக் கழற்றிவிடுங்கள். 'நின்ன பிறகு கழட்டிக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

* ஒரு பக்கம் சாதா பெடலாகவும் மறுபக்கம் பூட்டாகவும் உள்ள வகை கிடைக்கிறது. நெரிசலில் சாதா பக்கத்தில் மிதிக்கலாம். புதியவர்களுக்கு இதுவே உத்தமம்.

முழங்கால் என்ன பாவம் செய்தது?

விழுந்த காயம் உடனே தெரியும். மெல்ல வருகிற வலிதான் ஏமாற்றும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,200 முறை மடங்கி நிமிர்கிறது. முழங்கால் கதவுக் கீல் போன்றது; மடங்கும், நீளும்; முறுக்கலை அதிகம் தாங்காது. சாதா பெடலில் பாதம் தனக்கு வசதியான கோணத்தைத் தேடிக்கொள்ளும். பூட்டிய பாதத்துக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. கிளீட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும், அந்த முறுக்கல் 4,200 முறையும் முழங்காலில்தான் இறங்கும்.

மேசை மேல் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அந்தக் கோணத்திலேயே கிளீட் அமைய வேண்டும். கட்டைவிரலின் பின்னால் உருண்டு நிற்கும் எலும்புக்கு நேர் கீழே, அல்லது சற்றுப் பின்னால் பெடலின் அச்சு வரட்டும். பாதம் லேசாக அசைய இடம் தருகிற கிளீட்டாகக் கேட்டு வாங்குங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

சித்த மருத்துவத்தில் மூட்டு வலியை வாதத்தோடு சேர்த்துப் பார்ப்போம். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். ஆனால் கிளீட் கோணலாக இருக்கும்வரை எந்தத் தைலமும் கேட்காது. முதல் மருந்து ஆலன் கீதான்!

கையை ஊன்றி விழுந்துவிட்டால்...

மணிக்கட்டு வீங்கினால் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். கட்டுப் போடும் இடத்துக்கும் நேராக ஓடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தி வலித்தால் கவனம் தேவை. அந்த இடத்துச் சிறிய எலும்பின் விரிசல், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வலி நீடித்தால் பத்து, பதினைந்து நாளில் மறுபடி பார்க்க வேண்டும். 'சுளுக்குதானே' என்று விட்டால், எலும்பு கூடாமலே போய்விடலாம்.

யாருக்கு வேண்டாம்?

நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தில் மதமதப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். இறுக்கமான ஷூ கடிப்பதே அவர்களுக்குத் தெரியாது, புண்ணாகிவிடும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், மாதவிலக்கு நின்று எலும்பு பலம் குறைந்த பெண்கள் சாதா பெடலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கறிகாய் வாங்கவும் ரயில் நிலையம் போகவும் சாதா பெடலே போதும்.

பூட்டிய கால் மேலேயும் இழுப்பதால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். பலம் பெரும்பாலும் கீழே மிதிப்பதில்தான் இருக்கிறது. பாதம் வழுக்காமல், ஒரே இடத்தில் நிற்பதுதான் உண்மையான லாபம். நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு அது பெரிய லாபம்தான், ஆனால் அவசரமில்லை. ஒரு வாரம் சுவரைப் பிடித்துப் பழகிவிட்டுச் சாலையில் இறங்குங்கள். அதுவரை அந்தப் பளபள ஷூ வராந்தாவிலேயே இருக்கட்டும்!