பட்டிக்குள் வளரும் காவல்

வாழ்வாதார உதவியாக ஆடு பெற்ற பெண்கள் கூட்டங்களில் என்னிடம் கூடுதலாகச் சொல்லும் முறைப்பாடு கட்டாக்காலி நாய்களைப் பற்றியது. ஒரே இரவில் இரண்டு மூன்று ஆடுகளைக் கடித்துக் குதறிவிடும். "ஆடு போனா பிள்ளையளின்ர பள்ளிக்கூடச் செலவும் போச்சுது தங்கச்சி" என்று ஒரு அக்கா அழுதார். ஆட்டைக் கடிக்காமல் காக்கும் நாயும் உலகில் உண்டு என்றபோது அவர் நம்பவில்லை.

துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் உள்ள கங்கால் என்னும் ஊரின் பெயரே அந்த நாய்க்கும். மங்கிய மஞ்சள் உடல், கரிய முகம், முதுகின் மேல் சுருண்ட வால். ஆண் நாய் 50 கிலோவுக்கு மேல் நிறையுடையது. இது மந்தையை ஓட்டிச் செல்வதில்லை, மந்தைக்குள்ளேயே இருக்கும். ஓநாய் வந்தால் முதலில் குரைக்கும், பின் குறுக்கே போய் நிற்கும். பெரும்பாலும் அதுவே போதும். சண்டை வந்தால் ஓநாய் கழுத்தைத்தான் கவ்வும் என்பதால், இரும்பு முட்கள் வைத்த பட்டியொன்றை இடையர்கள் அதன் கழுத்தில் மாட்டிவிடுவார்கள்.

குட்டிக்கு எட்டு வாரமளவில் அதனைப் பட்டிக்குள் விடுகிறார்கள். ஆடுகளோடு உண்டு உறங்கி, அவற்றையே தன் குடும்பமாகக் கொள்கிறது. வீட்டுக்குள் தூக்கிவந்து செல்லம் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும். விளையாட்டாக ஆட்டுக்குட்டியைத் துரத்தினால் உடனே அதட்டி நிறுத்த வேண்டும். முழுதாக நம்பி விடுவதற்கு ஒன்றரை, இரண்டு வருடங்கள் செல்லும்.

நமீபியாவில் ஆடுகளைக் கொல்கின்றன என்று ஆயிரக்கணக்கான சிவிங்கிப்புலிகளை விவசாயிகள் அழித்தனர். லோரி மார்க்கர் என்ற பெண் தொடங்கிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம், 1994 முதல் இத்துருக்கி வம்ச நாய்களை அவர்களுக்கு வழங்கி வருகிறது. நாய் பெற்றவர்களில் பெரும்பாலானோர் தமது இழப்பு வெகுவாகக் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆடு தப்பியது, புலியைச் சுடும் தேவையும் குறைந்தது.

இதை வாசித்துவிட்டு யாரும் கங்கால் குட்டி தேட வேண்டாம். அவ்வளவு பெரிய நாய்க்குத் தீனி போட எம்மால் முடியாது. அயல்நாடான பொட்ஸ்வானாவில் சாதாரண ஊர் நாய்க்குட்டிகளையே இவ்வாறு பட்டியில் விட்டு வளர்க்கிறார்கள். அவையும் நன்றாகவே காவல் செய்கின்றன, தீனிச் செலவும் குறைவு.

அன்று அழுத அக்கா, தன் வீட்டு நாய் ஈன்ற குட்டியொன்றைப் பட்டிக்குள் விட்டிருக்கிறார். போன கிழமை போய்ப் பார்த்தேன். ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்து விளையாடி, அவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தது.