அட்டைப்பெட்டிக்குள் ஒரு செல்

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு, அதிலிருந்த சிற்றறைகளுக்குச் ‘செல்’ எனப் பெயரிட்டார். அவை உயிர் நீங்கிய வெற்றறைகள். சுவர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன.

வகுப்பில் நாம் செய்யும் மாதிரிகளும் பெரும்பாலும் அத்தகையனவே. களிமண் உட்கரு, பச்சைமணிப் பசுங்கணிகம், பெயர்ச்சீட்டுகள் எனக் காண அழகாயிருக்கும். ஆனால், செல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவை காட்டா.

மாணவர்களே, இம்முறை இனிப்புக்கடை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது செல்சுவர். அதனுள் விரிக்கும் நெகிழிப்பை செல்சவ்வு. பைக்குள் வைக்கும் நீர் நிறைந்த பலூன் நுண்குமிழ்; முதிர்ந்த தாவரச் செல்லின் பெரும்பகுதியை அடைத்திருப்பது இதுவே. பலூன் பையைச் சுவரோடு நெருக்கும்வரை நீர் நிரப்பிப் பெட்டியின் பக்கங்களை அழுத்துங்கள், எளிதில் அமுங்கா. நீரைப் பாதி வெளியேற்றுங்கள். பை சுவரைவிட்டு விலகும், பெட்டி அமுங்கும். நீரூற்றாத துளசிச் செடி தலைசாய்வது இதனால்தான்.

பலூனில் ஒரு குறை உண்டு. வாயைக் கட்டியபின் அதனுள் நீர் புகாது. உயிருள்ள சவ்வின் வழியே நீர் உள்ளே வரும், வெளியேயும் போகும்.

உட்கருவை எங்கு வைப்பது? பலரும் நடுவில் வைக்கின்றனர். பலூனை வைத்தபின் முயன்று பாருங்கள், நடுவில் இடமிருக்காது. முதிர்ந்த தாவரச் செல்லிலும் உட்கரு பெரும்பாலும் சுவரோரம் ஒதுங்கியே இருக்கும்.