டவுன் பஸ் தூரத்தில் மாத்திரை

எச்.ஐ.வி. என்றாலே நம் வீடுகளில் பேச்சை மாற்றிவிடுகிறோம். சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் லாரித் தொழிலால் பிழைக்கும் ஊர்கள். 'அது டிரைவர்களுக்கு வரும் நோய்' என்று ஒதுக்கிவிடுவது நமக்குச் சுலபம். டிரைவருக்கும் மனைவி மக்கள் உண்டு.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த பரிசோதனை அது. பிறகு வெளிநாட்டில் கூட்டு மருந்து வந்தது. ஒருவருக்கு ஆண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீத் அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் அறிவித்தார். அன்றைய நம் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே உரிமை தந்தது, மருந்துக்கே அல்ல. அதனால்தான் இங்கே மலிவாகத் தயாரிக்க முடிந்தது.

அந்த விலையும் கூலி வேலை செய்பவருக்கு எட்டாது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் எட்டு அரசு மருத்துவமனைகள். அவற்றில் ஒன்று தாம்பரம் சானடோரியம். இன்று சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம்.

முன்பு உடலின் எதிர்ப்புச் சக்தி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் மருந்து தொடங்குவார்கள். 2017 முதல் கிருமி இருப்பது உறுதியானாலே சிகிச்சைதான். பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டு வந்தால், ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தெரியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைவருக்குப் பரவாது. கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

'உடம்பு தேறிவிட்டதே' என்று நிறுத்துவதுதான் ஆபத்து. கிருமி திரும்பவும் பெருகும்; விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம். ரமலானில் நோன்பு வைக்க விரும்புபவர், மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மையத்தின் வரிசையில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தே பலர் போவதில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்தான். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது. அதற்காக வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ வெளியேற்றிப் பாகுபாடு காட்டுவதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது. அரசு மருத்துவமனைகளின் 'நம்பிக்கை மையம்' பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகவே தருகிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் முதலில் 1097 என்ற எண்ணுக்குப் பேசலாம்; கட்டணம் இல்லை.