ஐயமும் சான்றும்: கிறித்தவ சமய ஆராய்ச்சி நூல்கள் சில

ஒரு சமயத்தின் மெய்ம்மையை நிலைநாட்ட எழுந்த நூல்களும், அதனை ஐயுற்று வினவ எழுந்த நூல்களும் ஒன்றுக்கொன்று பகை என்றே பொதுவாக எண்ணுகிறோம். ஒரு சாராரின் நூலைப் படிப்பவர் மறுசாராரின் நூலைத் தொடுவதில்லை. ஆனால் கிறித்தவ சமயத்தைப் பற்றி ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளாக எழுந்துள்ள இவ்விருவகை நூல்களின் வரலாற்றைப் பார்க்கும்பொழுது வேறோர் உண்மை புலப்படுகிறது. ஐயத்தை எழுதியவனின் சொற்களைக் காத்துத் தந்தவர் பல வேளைகளில் அவனை மறுத்தவரே ஆவர். ஐயம் அழிக்கப்பட்ட இடத்தில் அதற்குரிய விடையும் உடன் அழிந்திருக்கிறது. இக்கருத்தை விளக்கும் நூல்கள் சிலவற்றை மட்டும் இக்கட்டுரையில் காண்போம்.

செல்சஸும் ஓரிஜெனும்

கி.பி. 178ஆம் ஆண்டையொட்டிச் செல்சஸ் என்னும் கிரேக்க அறிஞர் 'மெய்யுரை' எனப் பொருள்படும் பெயருடைய நூலொன்றை இயற்றினார். கிறித்தவ சமயத்தை மறுக்கும் நோக்கில் எழுந்து நாம் ஓரளவு முழுமையாக அறியவரும் முதல் நூல் இதுவே. செல்சஸ் வெறும் வசைபாடியவர் அல்லர். நற்செய்தி நூல்களைப் படித்திருந்தார். கிறித்தவருள் இருந்த பிரிவுகளையும் அறிந்திருந்தார். நூலின் தொடக்கப் பகுதியில் ஒரு யூதரைப் பாத்திரமாக நிறுத்தி, அவர் வாயிலாகவே வினாக்களை எழுப்புகின்றார். உயிர்த்தெழுந்தது மெய்யாயின், தமக்குத் தண்டனை வழங்கியவர் முன்னும் மக்கள் அனைவர் முன்னும் இயேசு ஏன் தோன்றவில்லை என்பது அவற்றுள் ஒன்று. 'ஆராயாதே, நம்பு' என்று கிறித்தவர் கூறுவதாகக் குற்றஞ்சாட்டுவது மற்றொன்று.

இந்நூலின் படி ஒன்றும் இன்று உலகில் இல்லை. எனினும் அதன் பெரும்பகுதியை நாம் படிக்க இயல்கிறது. எவ்வாறெனில், ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்குப் பின்னர், கி.பி. 248ஐயொட்டிப் பாலத்தீனத்துச் செசரியா நகரில் வாழ்ந்த ஓரிஜென் என்னும் கிறித்தவப் பேரறிஞர் அதற்கு மறுப்பாக எட்டுப் பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். அவருடைய புரவலரான அம்புரோஸ் என்பார் செல்சஸின் நூலை அனுப்பி மறுப்பு எழுத வேண்டினார். ஓரிஜென் சொல்லச் சொல்ல எழுத எழுவருக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தாளரை அமர்த்திக் கொடுத்தவரும் இந்த அம்புரோஸே.

ஓரிஜென் முதலில் தயங்கினார். பொய்க் குற்றச்சாட்டுகளின் முன் இயேசு மௌனமாக நின்றதையே தம் முன்னுரையில் அவர் நினைவூட்டுகிறார். உறுதியான நம்பிக்கை உடையவர்க்கு இம்மறுப்பு வேண்டுவதில்லை. தளர்ச்சியுற்றவர்க்காகவே எழுதுகிறேன் என்றும் குறிப்பிடுகிறார். தலைப்புகளை மட்டும் குறித்துக்கொண்டு பின்னர் அவற்றை ஒரு முழு நூலாகக் கோக்கவேண்டும் என்பதே அவருடைய முதல் திட்டம். காலத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு அதனைக் கைவிட்டு, செல்சஸின் கூற்றை எடுத்துரைத்து அதன் கீழ்த் தம் விடையைச் சொல்லும் முறையை மேற்கொண்டார். நேரமின்மையால் எழுந்த இம்மாற்றம் செல்சஸுக்கு வாழ்வளித்தது எனலாம்.

ஓரிஜெனின் நேர்மைக்கு ஓரிடம் சான்று பகரும். இயேசு தம் பகைவர் முன் ஏன் தோன்றவில்லை என்னும் மேற்கண்ட வினாவை எடுத்துக்கொள்ளும்பொழுது, இஃது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று என்று வெளிப்படையாகவே கூறிவிட்டுத்தான் விடையளிக்கப் புகுகிறார். உயிர்த்தெழுந்த நிலையில் அவரைக் காணும் ஆற்றல் எல்லார்க்கும் ஒரே அளவில் இல்லை என்பது அவர் தரும் விடை. அவ்விடை நிறைவு தருகிறதா என்பது படிப்பவர் முடிவுக்கு உரியது. வினாவின் வலிமையைக் குறைத்துக் காட்டாமல் விடை தேடியதே இங்குப் போற்றுதற்குரியது.

'ஆராயாதே, நம்பு' என்ற குற்றச்சாட்டுக்கும் அவர் மழுப்பலின்றி மறுமொழி கூறுகிறார். எல்லா மனிதரும் தத்தம் தொழிலை விட்டு மெய்யியல் ஆராய்ச்சியில் ஈடுபட இயலுமாயின் அதுவே சிறந்த வழி; ஆனால் வாழ்க்கைத் தேவைகளாலும் ஆர்வக் குறைவாலும் மிகச் சிலரே அவ்வாறு செய்யவல்லார்; எஞ்சிய பலர் நல்வழிப்பட நம்பிக்கையே துணை என்பது அவர் வாதம்.

இன்னொரு செய்தியும் சுவையானது. செல்சஸை எபிக்கூரஸ் கொள்கையினர் என்று எண்ணிக்கொண்டே ஓரிஜென் எழுதத் தொடங்கினார். ஆனால் எடுத்துக்காட்டும் பகுதிகளோ பிளேட்டோவின் வழிவந்தவருடையனவாக உள்ளன. இப்பொருந்தாமையை அவரே கண்டு, இவர் தம் கொள்கையை மறைக்கிறாரோ, மாற்றிக்கொண்டாரோ, அன்றி அதே பெயருடைய வேறொருவரோ என ஐயுறுகிறார். தம் கணிப்போடு முரணும் சொற்களையும் அவர் திருத்தாமல் விட்டுவைத்ததால்தான் பிற்கால அறிஞர் செல்சஸைச் சரியாக இனங்காண முடிந்தது. 1941ஆம் ஆண்டு கெய்ரோவை அடுத்த தூரா என்னுமிடத்தில் கற்சுரங்கக் குகைகளைத் துப்புரவு செய்தபொழுது கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் இம்மறுப்பு நூலின் பகுதிகளும் இருந்தன. ஹென்றி சாட்விக் 1953இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இன்றும் ஆய்வாளர் கையாளும் பதிப்பாக விளங்குகிறது.

தமிழ் பயில்வோர்க்கு இந்நிலை புதிதன்று. பௌத்த காப்பியமாகிய குண்டலகேசி மறைந்துபோயிற்று. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் அதன் உரையும் வாயிலாகவே அதன் வாதங்கள் பலவற்றை அறிகின்றோம். பிறர் கொள்கையை முதலில் முறையாக எடுத்துரைத்த பின்னரே தன் கொள்கையை நாட்டவேண்டும் என்னும் நெறியைப் பரபக்கம், சுபக்கம் எனப் பெயரிட்டே சிவஞான சித்தியார் அமைத்துக்கொண்டது. ஓரிஜெனின் நூல் முழுதும் பரபக்கத்தைச் சிதைக்காமல் சொல்லும் இந்நெறியின்பாற்பட்டது.

எரியூட்டப்பட்ட நூல்

இனி, இந்நெறி கைவிடப்பட்டதன் விளைவைப் பார்ப்போம். மூன்றாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தீர் நகரத்தவரான போர்பிரி என்னும் மெய்யியலார் 'கிறித்தவர்க்கு எதிராக' என்னும் நூலைப் பதினைந்து பகுதிகளில் எழுதினார். செல்சஸைவிட ஆழ்ந்த புலமை உடையவர் இவர். கான்ஸ்டன்டைன் பேரரசர் இந்நூலைத் தடை செய்தார். மீண்டும் 448ஆம் ஆண்டு இரண்டாம் தியோடோசியஸ் பேரரசர் காலத்தில் அதனை எரிக்குமாறு ஆணை பிறந்தது.

அரசாணை வென்றது; நூல் அழிந்தது. ஆயின் போர்பிரிக்கு விடையாக மெத்தோடியஸ், யூசிபியஸ், அப்பொல்லினாரியஸ் ஆகிய மூவர் எழுதிய விரிவான மறுப்புகளும் இன்று இல்லை! யூசிபியஸ் இருபத்தைந்து பகுதிகளும், அப்பொல்லினாரியஸ் முப்பது பகுதிகளும் எழுதினர் என்ற குறிப்பு மட்டுமே எஞ்சியுள்ளது. வினாவே இல்லையென்று ஆன பின்னர் விடையைப் படியெடுப்பார் யார்? கிறித்தவ அறிவுலகம் தன் எதிரியை எரித்தபொழுது தன் சிறந்த வழக்கறிஞர் மூவரின் வாதங்களையும் உடன் இழந்தது.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய ஏற்பாட்டுத் தானியேல் நூல், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தீர்க்கதரிசியால் எழுதப்பட்டதன்று, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் எப்பிஃபேனஸ் மன்னன் காலத்தில் எழுந்ததே என்று போர்பிரி வாதிட்டார். ஜெரோம் 407ஆம் ஆண்டளவில் தாம் எழுதிய தானியேல் உரையில் இவ்வாதத்தை மறுப்பதற்காக எடுத்துரைத்தார். அதனால் அது பிழைத்தது. இன்றைய விவிலிய ஆய்வாளருள் மிகப் பலர், கிறித்தவர் உட்பட, ஏற்றுக்கொண்டிருப்பது ஜெரோமின் முடிபையன்று, போர்பிரியின் காலக்கணிப்பையே. மறுக்கப்பட்ட கருத்து மறுத்தவரின் ஏட்டிலேயே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் காத்திருந்தது.

வோல்பன்பூட்டல் நூலகத்தில்

இடைக்காலத்தைக் கடந்து பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனிக்கு வருவோம். ஹாம்பர்க் நகரின் புகழ்பெற்ற உயர்பள்ளியில் கீழைநாட்டு மொழிகளைக் கற்பித்தவர் ஹெர்மன் சாமுவேல் ரைமாரஸ். ஊரார் மதிக்கும் ஆசிரியர். சமயப் பற்றுடையவர் என்றே பெயர் பெற்றவர். அவர் வீட்டில் மறைவாக எழுதி வைத்திருந்த பெருநூல் ஒன்று கிறித்தவ வெளிப்பாட்டை முற்றாக ஐயுற்றது. உயிர்த்தெழுதலைப் பற்றிய நற்செய்தி வரலாறுகளில் பத்து முரண்பாடுகளை அவர் எண்ணிக் காட்டினார். வாழ்நாளில் அதனை அச்சிட அவர் துணியவில்லை, 1768இல் மறைந்தார்.

கையெழுத்துப் படி அவர் மக்கள் வாயிலாக லெஸ்ஸிங் என்னும் இலக்கிய மேதையின் கைக்கு வந்தது. பிரன்சுவிக் கோமகனின் வோல்பன்பூட்டல் நூலகத்திற்கு அவர் நூலகராக இருந்த காலம் அது. நூலகத்தில் கண்டெடுத்த பெயரறியா ஆசிரியரின் பகுதிகள் எனக் கூறி 1774 முதல் 1778 வரை அவர் அவற்றை வெளியிட்டார். ரைமாரஸின் குடும்பத்தைக் காக்கவே இப்புனைவு. ஆசிரியர் யாரென்பது 1814இல்தான் அவர் மகனால் உறுதிசெய்யப்பட்டது. நூல் முழுமையாக அச்சேறியதோ 1972இல்!

லெஸ்ஸிங் ரைமாரஸின் கருத்துகளோடு முழுமையாக உடன்பட்டவர் அல்லர். 1777இல் வெளியிட்ட பகுதிகளுடன் தம்முடைய எதிர்வாதங்களையும் சேர்த்தே அச்சிட்டார். முரண்பாடுகள் உள்ளன என்பதை அவர் ஒப்பினார். ஆயினும், ஒரே நிகழ்ச்சியை லிவியும் பொலிபியஸும் வெவ்வேறாக உரைத்தால் அந்நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று எவரேனும் கூறுவரோ என வினவினார். பழைய வரலாற்றாசிரியர்க்குக் காட்டும் இரக்கத்தை நற்செய்தியாளர்க்கு மட்டும் ஏன் மறுக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அதேவேளையில், வரலாற்றுச் செய்திகளை மட்டுமே கொண்டு என்றுமுள்ள உண்மைகளை நிறுவ முடியாது. இரண்டிற்கும் இடையே தம்மால் தாண்ட இயலாத அகழி ஒன்று கிடக்கிறது என்றும் எழுதினார். இங்ஙனம் இரு தரப்பினர்க்கும் இடர் விளைத்த சான்றோர் வரலாற்றில் அரியர்.

ஹாம்பர்க் நகரின் தலைமைப் போதகராகிய கோயெட்சே கடுமையாக எதிர்த்தார். லெஸ்ஸிங்குக்கு இருந்த தணிக்கை விலக்குரிமையைக் கோமகன் 1778இல் பறித்தார். வாதம் எழுத வழியடைபட்டதும் லெஸ்ஸிங் நாடகம் எழுதினார். 1779இல் வெளிவந்த 'ஞானி நாத்தான்' என்னும் அந்நாடகம் சிலுவைப்போர்க் காலத்து எருசலேமில் நிகழ்கிறது. மூன்று சமயங்களுள் எது மெய்யானது என்று சுல்தான் சலாகுத்தீன் யூதராகிய நாத்தானை வினவ, அவர் மூன்று மோதிரங்களின் கதையை விடையாகச் சொல்கிறார். பெருந்தன்மையும் அறிவுத் தாகமும் உடைய மன்னராகச் சலாகுத்தீனை ஓர் ஐரோப்பியர் அரங்கேற்றிய இந்நாடகம், நற்செய்தி ஆராய்ச்சி பற்றிய பூசலிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

ஸ்காட்லாந்தில் இதனினும் இனிய காட்சி ஒன்று உண்டு. அற்புதங்களுக்குரிய சாட்சியத்தை ஐயுற்று டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட கட்டுரைக்கு, அபர்தீன் நகரக் கல்லூரி முதல்வர் ஜார்ஜ் கேம்பல் 1762இல் மறுப்பு நூல் எழுதினார். அச்சாகும் முன்பே அதன் கையெழுத்துப் படி நண்பர் ஒருவர் வழியாக ஹியூமின் பார்வைக்குச் சென்றது. ஹியூம் குறைகளைச் சுட்டினார். கேம்பல் சில கடுஞ்சொற்களை நீக்கினார். நூல் வெளிவந்த பின் ஹியூம் அவருக்கு மதிப்புமிக்க மடல் வரைந்தார். கருத்தில் ஒருவரும் மற்றவர்க்கு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்மைக் காலத்து நூல்கள்

நம் காலத்தில் இவ்வகை நூல்கள் பெருகிவிட்டன. தரம் அவ்வளவிற்குப் பெருகவில்லை. சிகாகோ நாளிதழொன்றில் சட்டச் செய்தி ஆசிரியராக இருந்த லீ ஸ்ட்ரோபெல் 1998இல் எழுதிய 'கிறித்துவுக்கான வழக்கு' பல நாடுகளில் விற்பனையானது. பதின்மூன்று அறிஞரை நேரில் கண்டு, நீதிமன்ற விசாரணை போன்று வினவி எழுதியது அந்நூல். படிக்க விறுவிறுப்பானது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறிய பதின்மரும் மூவரும் ஒரே தரப்பினர். மறுதரப்புச் சாட்சியை அழைக்காத வழக்கு மன்றத்தை ஓரிஜென் ஏற்றிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

அப்பதின்மூவருள் ஒருவர் பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரிப் பேராசிரியர் புரூஸ் மெட்ஸ்கர்; புதிய ஏற்பாட்டுச் சுவடி ஆராய்ச்சியில் தலைசிறந்தவராக மதிக்கப்பட்டவர். அவரிடம் பயின்ற பார்ட் எர்மன் என்பார் இளமையில் உறுதியான நம்பிக்கையாளராக இருந்து பின்னர் ஐயவாதியானவர். அவர் 2005இல் எழுதிய 'இயேசுவைப் பிழையாக மேற்கோள் காட்டல்' என்னும் நூல், சுவடிகளைப் படியெடுத்தோர் செய்த மாற்றங்களைப் பொதுமக்களுக்கு விளக்குகிறது. அம்மாற்றங்களுள் மிகப் பெரும்பாலானவை எழுத்துப்பிழை போன்ற சிறியனவே என்பதையும் எர்மன் மறைக்கவில்லை. இயேசு என்றொருவர் வாழ்ந்ததே இல்லை என்று சிலர் எழுதத் தொடங்கியபொழுது, வாழ்ந்தார் என்பதற்குரிய சான்றுகளைத் தொகுத்து 2012இல் தனி நூல் எழுதியவரும் இந்த ஐயவாதியே.

மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய சைனாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை என்பதிலும், அவை பிற்சேர்க்கை என்பதிலும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வேறுபாடு இல்லை. அதன்பின் ஒருவர் நம்பிக்கையோடு 2007இல் மறைந்தார். மற்றவர் ஐயத்தோடு தொடர்ந்து எழுதினார். சுவடி ஆராய்ச்சி பற்றிய மெட்ஸ்கரின் புகழ்பெற்ற பாடநூலின் நான்காம் பதிப்பு 2005இல் இருவர் பெயரையும் தாங்கி வெளிவந்தது. ஐயத்தைப் பேசும் தம் நூலை எர்மன் அதே ஆண்டில் மெட்ஸ்கருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்.